தப்பு அக்காவின் நோட்டில் இல்லை

என் ஆசை அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உன் இடத்துக்குப் புது நர்ஸம்மா வந்துவிட்டார். மாகறல் பக்கத்து வீடுகளில் இன்னும் உன்னைத்தான் கேட்கிறார்களாம். இந்த நல்ல சேதியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. உனக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறேன்.

நீ வீடு வீடாகப் போய் எழுதிய தடுப்பூசி நோட்டை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வீட்டுக்கு ஒரு வரி. பிள்ளைகளின் பெயரெல்லாம் ஒரே கட்டத்தில், வயதெல்லாம் பக்கத்துக் கட்டத்தில், நடுவில் கமா போட்டு. அதில் கைக்குழந்தைகளை மட்டும் தேடி எடுக்க வழியில்லை. ஏற்றியதைத் திருத்தவும் கூடாது என்றார்கள். அதனால் எஸ்க்யூஎல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வியூ எழுதினேன். வியூ என்றால், மூலப் பட்டியலைத் தொடாமல் அதையே வேறு மாதிரி பிரித்துக் காட்டுவது. கமா வரும் இடத்திலெல்லாம் வெட்டி, முதல் பெயருக்கு முதல் வயது, இரண்டாவது பெயருக்கு இரண்டாவது வயது என்று, பிள்ளைக்கு ஒரு வரி. திரையில் அது வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம் காட்டத்தான் ஆசையாக இருந்தது.

அந்தப் பட்டியலோடு நர்ஸம்மா தட்டம்மை ஊசி போட மாகறல் போனார். முதல் வீட்டிலேயே ஒரு தாய் பிடித்துக்கொண்டாளாம்.

"இன்னாம்மா இது, மல்லிகாவுக்கு ஒரு வயசுன்னு எழுதிக்கினு வந்துகீறே? அவளுக்கு நாலு முடிஞ்சிச்சு. கைக்கொழந்த குமாரு, இதோ இடுப்புல கீறான் பாரு!"

என் பட்டியலில் குமாருக்கு ஆறு வயது. ஆறு வயதான செல்விக்கு நாலு.

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெயர் கேட்டால் நம் பக்கத்தில் ஆண்பிள்ளையைத்தான் முதலில் சொல்வார்கள். பெயரை நீ அவர்கள் சொன்ன வரிசையிலும், வயதை மூத்த பிள்ளையிலிருந்தும் எழுதியிருக்கிறாய். உனக்கென்ன, ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தெரியும். நாம் இரண்டு பேரும் முன்னால் பிறந்திருக்க, நம் அம்மாவே தம்பி பேரைச் சொல்லித்தானே ஆரம்பிப்பாள்? அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இது உறைக்க வேண்டாமா?

"உங்க அக்கா நோட்டே தப்பும்மா. இனிமே அத நம்ப வேணாம், கட்டி ஓரமா வெச்சிடு" என்றார் ஆபீசர். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அக்கா. வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல நின்றேன். 'முந்தைய செவிலியரின் பதிவில் பிழை' என்று அவர் சொல்லச் சொல்ல, மேலிடத்துக்கான கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா? எனக்கு அழுகைதான் வருகிறது.

குமாருக்கு ஊசி போட்டாயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் நர்ஸம்மாவும் உத்திரமேரூரில் பஸ் பிடித்துப் போய்ப் பதினோரு வீடுகளில் கேட்டு வந்தோம். ஒரு பிள்ளையின் பெயரும் விட்டுப்போகவில்லை, ஒரு வயதும் பொய்யில்லை. யாருக்கு எந்த வயது என்று தப்பாகச் சேர்த்தவள் நான்.

கடிதம் இன்னும் ஆபீசர் மேஜையில்தான் கிடக்கிறது. நாளைத் தபாலில் போய்விடும். அதற்கு முன்னால் அவரிடம் போய், வியூவை எழுதியவள் நான், பிழை என்னுடையது என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்தும் போடுவேன். வேலை நிலைக்குமா, தெரியாது. உன் பெயரில் அந்தப் பழியை ஏற விடமாட்டேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சுசீலா