கேபிளைக் கழற்றினாலும் பாஸ்

நவம்பர் 17, திங்கள்

விடாத தூறல். மந்தைவெளி முனைவரை குடை இல்லாமல் பால் வாங்கப் போனது என் திமிர். தலையைத் துவட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தால், என்னோடு வேலை செய்யும் சபரியின் பேட்ச், அதாவது புரோகிராம் மாற்றம், நான் சரிபார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறது. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சோதிக்கிற ஷெல் ஸ்கிரிப்டுகள். மொத்தத்தையும் மாற்றி எழுதியிருக்கிறான். பெரிய வேலை.

வாங்க: தனியா, கடுகு, நிலாவுக்கு கிராஃப் நோட்டு, எறும்பு சாக்பீஸ்.

மதியம்வரை படித்தேன். எழுதிய கமென்ட்கள்:

— வேரியபிளைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. பெயரில் ஓர் இடைவெளி வந்தால் போதும், ஸ்கிரிப்ட் குப்புற விழும்.

— நடுவில் யாராவது கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் போர்ட்டுகள் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். யார் வந்து பெருக்குவது?

— இங்கே ஐந்து நொடி ஸ்லீப் எதற்கு? லிங்க் வந்ததா என்று கேட்டுவிட்டு மேலே போ. தூங்கி எழுந்தால் வந்திருக்கும் என்று நம்பாதே.

மற்றபடி நன்றாகவே எழுதியிருக்கிறான். அதையும் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை மட்டும் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள்.

மேனேஜர் பிரகாஷ் சார் போன். "மங்கை, சபரி வியாழக்கிழமை சாயந்திரம் புனே கிளம்பறாரு. வெள்ளிக்கிழமை கஸ்டமர் முன்னாடி டெஸ்ட் ஓட்டிக் காட்டணும். ஒரு ரிவ்யூட்-பை போட்டு விட்ருங்க. பேர்தானே?"

பேர்தானே! பேட்ச்சின் அடியில் வருகிற அந்த ஒரு வரிக்கு, 'நான் படித்தேன், எனக்கும் பொறுப்பு உண்டு' என்று அர்த்தம். உள்ளே போய்விட்டால் அழிக்க முடியாது. நான் ரிட்டயர் ஆன பிறகும் என் பெயர் அங்கேயே நிற்கும். சும்மா போட அது என்ன மொய்யா?

"படிச்சு முடிச்சுட்டுப் போடறேன் சார்" என்றேன், தேனொழுக.

இது நல்லபடியாக முடிந்தால் சபரிக்கு டீம் லீட் பதவி. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஐடி கார்டில் அவன் போட்டோ எனக்கும் என் போட்டோ அவனுக்கும் மாறி வந்தது. ஒரு வாரம் அப்படியே சுற்றினோம், வாட்ச்மேன்கூடக் கேட்கவில்லை.

மாடிப்படியில் கீழ்வீட்டு மாமி போனில்: "எங்காத்துல தண்ணியே ஏறலைடி, மோட்டார் போட்டுண்டே இருக்கேன்." வெளியே மழை, டேங்கில் தண்ணீர் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை கனத்துவிட்டது. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் என்று நியூஸ். பள்ளி லீவு. மகள் நிலா காலையிலேயே டிவி முன்னால். எனக்கும் வீட்டிலிருந்தே வேலை.

சபரி எல்லாக் கமென்ட்டுக்கும் பதில் எழுதி, ஸ்லீப் தவிர மற்றதைத் திருத்தியும் அனுப்பிவிட்டான். சுறுசுறுப்பில் குறை சொல்ல முடியாது. கூடவே ரிசல்ட் பக்கம். மேலிருந்து கீழ்வரை பச்சை. எல்லாம் பாஸ்.

இவ்வளவு பச்சையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. டிரைவர் புதுசு. புது டிரைவர் ஓர் இடத்திலாவது தடுக்கி விழ வேண்டாமா?

பிங் நேரங்களைப் பார்த்தேன்: 'இருக்கிறாயா?' என்று அனுப்பும் தகவல் பொட்டலத்துக்குப் பதில் வர எவ்வளவு நேரம் என்று. வேகம். சந்தேகப்பட வைக்கிற வேகம். ஒரு பாக்கெட் கார்டில் ஏறி, கேபிளில் ஓடி, அந்தப் பக்கம் இறங்கி, பதிலோடு திரும்பி வருவதற்கு இதைவிட நேரம் ஆகும்.

அடுப்பில் வெண்டைக்காய் தீய்ந்த வாசனையும் விஷயம் பிடிபட்டதும் ஒரே நேரத்தில். வெண்டைக்காய் போனால் போகட்டும்.

சோதனை மிஷின் ஒன்றுதான். அதில் கேபிள் செருக இரண்டு போர்ட். நடுவில் ஒரு கேபிள். முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவது போர்ட்டின் முகவரிக்கு பிங் அனுப்புகிறான். ஆனால் இரண்டு முகவரியும் அதே மிஷினுடையவை. லினக்ஸ் பார்க்கும்: அட, இது நம்ம வீட்டு அட்ரஸ்தானே! உள்ளுக்குள்ளேயே கைமாற்றிக் கொடுத்துவிடும். பாக்கெட் கேபிள் பக்கமே போகாது. சமையலறையிலிருந்து ஹாலுக்குக் கடிதம் கொடுக்கத் தபால்காரர் எதற்கு?

அதாவது, டிரைவரைச் சோதிக்கிற டெஸ்ட் டிரைவரைத் தொடவே இல்லை.

உடனே சபரிக்கு போன். கண்டுபிடித்த குஷி என் குரலில் தெரிந்திருக்கும். அதுதான் வினை.

"பாக்கெட் வெளியவே போகலை சபரி. மிஷினுக்குள்ளயே சுத்துது."

"ஏய், கேபிள் போட்டிருக்கு மங்கை. லைட் எரியுது. நானே பார்த்தேன்."

"லைட் எரியும்ப்பா. பாக்கெட் போகாது."

"நேத்து மேற்கோள் குறி. இன்னிக்கு இது. நாளைக்கு என்ன, ஸ்பெல்லிங்கா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்—"

"நான் லீட் ஆகறது உனக்குப் புடிக்கலைன்னா நேரா சொல்லிடு."

வைத்துவிட்டான்.

என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்தா இப்படிக் கேட்டான்? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தீயாமல் பிழைத்த வெண்டைக்காயையும் சேர்த்துக் குப்பையில் கொட்டினேன்.

சாயந்திரம் பார்த்தால் பேட்ச் மெர்ஜ் ஆகி மெயின் கோடில் சேர்ந்துவிட்டது. அடியில் பெங்களூர் ஆபீஸ்காரர் ஒருவரின் பெயர். படித்திருக்க நேரமே இல்லை. பிரகாஷ் சார் கேட்டு வாங்கியிருப்பார்.

கதிர் தி.நகர் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் கொட்டித் தீர்த்தேன். அவருக்குத் தெரிந்தது ஜவுளி. ஆனால் காது கொடுத்துக் கேட்பார்.

"அப்ப சரக்கு லாரியிலயே ஏறல. ஆனா போய்ச் சேந்துட்டுன்னு கையெழுத்து மட்டும் இருக்கு. அப்படித்தானே?"

அதேதான். என் புருஷன் கெட்டிக்காரர்.

"அப்ப எல்லாருக்கும் தெரியுத மாதிரி எழுதிப் போட்டுர வேண்டியதுதானே?"

அங்கேதான் இடிக்கிறது. பொதுவில் எழுதினால் புனே ஆட்கள் உட்பட எல்லோரும் படிப்பார்கள். சபரியின் கதை முடிந்தது. எழுதாவிட்டால், வெள்ளிக்கிழமை கஸ்டமர் முன்னால் அவன் நிற்கும்போது யாராவது சும்மா கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அதைவிட மோசம், யாரும் பிடுங்கிப் பார்க்காமல் டிரைவர் அப்படியே வெளியே போய்விடும்.

நான் சொல்வது சரி. அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. யாரிடம், எப்படிச் சொல்வது என்பதுதான்.

தனியா வாங்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மழை விட்டு சுள்ளென்று வெயில். புழுக்கம். கிண்டி ஆபீசுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஈரக்குடை நாற்றம். கண்டக்டர்: "உள்ள போ நைனா, உள்ள போ. படிக்கட்டுல இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற?"

சபரிக்கு ஒரே ஒரு மெசேஜ். "லேபுக்கு வா. அஞ்சு நிமிஷம். ஆபீஸ்ல வேற யார்கிட்டயும் சொல்லலை." பார்த்துவிட்டான். பதில் இல்லை.

லேபைக் கவனித்துக்கொள்கிற யுவராஜ்: "இன்னா மேடம், சபரி சாராண்ட சண்டையா? நேத்துலேர்ந்து மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீறாரு."

"உங்க வேலையைப் பாருங்க யுவராஜ்."

"அத்ததான் பாத்துக்கினு கீறேன்."

சபரி வந்தான். கசங்கின சட்டை. என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்து நின்றான். பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்தால் மறுபடி சண்டைதான் வரும் என்று பட்டது.

"கேபிளை நீயே கழட்டு. கழட்டிட்டு உன் டெஸ்டை ஓட்டு."

"கழட்டினா ஃபெயில் ஆகும்."

"ஆகட்டும். ஆச்சுன்னா எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

பிடுங்கினான். போர்ட்டுகளில் விளக்கு அணைந்தது. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டினான்.

பாஸ். பாஸ். பாஸ். பாஸ்.

கேபிள் அவன் கையில் இருக்கிறது. திரை முழுக்கப் பச்சை.

யுவராஜ் எட்டிப் பார்த்தார். "அட, கேபிளே இல்லாம ஓடுதா? சூப்பர் சார். இனிமே கேபிளே வாங்க வாணாம்." யாரும் சிரிக்கவில்லை என்றதும் மெதுவாக வெளியே நழுவினார்.

சபரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். 

"ரெண்டு மாசம் மங்கை. ரெண்டு மாசமா எதையுமே டெஸ்ட் பண்ணலையா நான்?"

கையிலிருந்த கேபிளை மேஜையில் வைத்தான்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்ட. அப்புறம் வீட்ல கதிர்கிட்ட."

"நேத்து நான் போன்ல சொன்னது..."

"கேவலமா இருந்துச்சு. அதுக்கு அப்புறமா திட்டறேன். முதல்ல இதைச் சரி பண்ணு."

வழி சுலபம். இரண்டு போர்ட்டையும் தனித்தனி நேம்ஸ்பேஸில் போட வேண்டும். ஒரே மிஷினுக்குள் இருந்தாலும் தனிக்குடித்தனம், ஒன்றின் முகவரி மற்றதற்குத் தெரியாது. அப்போது பாக்கெட் வெளியே இறங்கி, கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். அவனே அடித்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். கேபிளை மாட்டி ஓட்டினோம்.

சின்ன பாக்கெட்: பாஸ். பெரிய பாக்கெட்: ஃபெயில். மறுபடி ஓட்டினோம். ஃபெயில். கேபிளை மாற்றினோம். ஃபெயில். பெரிய பாக்கெட் வந்தாலே டிரைவர் அதைத் தொலைத்துவிடுகிறது.

சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வெளியே சொன்னால் அடிப்பான். இந்த டெஸ்ட் முதல்முறையாக உண்மை பேசுகிறது.

அவன் முகம்தான் செத்துப்போயிற்று. "வெள்ளிக்கிழமை போச்சு. லீட் போச்சு" என்றான். போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லை.

"பிரகாஷ் சார்கிட்ட நான் பேசட்டுமா? ரிவ்யூல எப்பவும் வர்ற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னு சாதாரணமா சொல்லிடறேன்."

"யோசிக்கறேன்" என்றான்.

வரும் வழியில் தனியா, கடுகு. கிராஃப் நோட்டு மறந்தது. நிலா ஒரு மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 20, வியாழன்

மூட்டம். பள்ளி திறந்துவிட்டது. கிளம்புகிற நேரத்தில் நிலாவின் ஷூ ஒன்று இன்னும் ஈரம். ஹேர் டிரையரால் காய வைத்து அனுப்பினேன்.

மீட்டிங். பெங்களூர்காரர்களும் லைனில். சபரியைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

பிரகாஷ் சார் எடுத்த எடுப்பில், "சபரி, டிக்கெட் எல்லாம் ரெடியா?"

"நான் போகலை சார்."

எல்லோரும் நிமிர்ந்தோம்.

"டிரைவர்ல பெரிய பாக்கெட் தொலையுது சார். நேத்து வரைக்கும் என் டெஸ்ட் அதை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. மங்கை செவ்வாய்க்கிழமையே சொன்னா, நான்தான் கேக்கலை. மெர்ஜ் பண்ணதைக் காலையில நானே திருப்பி எடுத்துட்டேன்."

 ரிவ்யூட்-பை போட்ட பெங்களூர்காரர் அவசரமாக மைக்கை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது, அழுத்தியதில் ஆன் ஆகிவிட்டது. அவர் வீட்டுக் குக்கர் விசில் எல்லோருக்கும் கேட்டது.

என் வாக்கியத்துக்கு வேலையே இல்லை. அவன் பூசி மெழுகவில்லை. என் தோழன் என்று பெருமையாக இருந்தது.

சார் கத்தினார். கஸ்டமருக்கு என்ன பதில், யார் சொல்வது, இத்யாதி. கடைசியில், "லீட் விஷயம் அடுத்த வருஷம் பார்க்கலாம் சபரி" என்றார், அத்தனை பேர் முன்னாலும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கே சுருக்கென்றது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

சும்மா இருக்க முடியவில்லை. "சார், இது கஸ்டமர் கைக்குப் போயிருந்தா பொங்கலுக்கு நாம மொத்தப் பேரும் புனேலதான் இருந்திருப்போம். இன்னிக்கு சபரி சொன்னதால தப்பிச்சோம்." யாரோ ஒருவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

சபரி அதற்கப்புறம் யாரோடும் பேசவில்லை. என்னோடும்தான்.

இரவு கதிர்: "இன்னைக்கு என்ன சமையல்?" நான்: "அதை நீங்கதான் சொல்லணும், நீங்கதான் செய்யணும்." உப்புமா. கட்டி கட்டியாக. சாப்பிட்டோம்.

நவம்பர் 21, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு பக்கெட் துணி. மொட்டை மாடிக் கொடியில் இடத்துக்குச் சண்டை. மாமி ஜெயித்தார்.

மதியம் சபரியின் புதுத் தொகுப்பு வந்தது. நேம்ஸ்பேஸ் இருக்கிறது. லிங்க் வந்ததா என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் புதிதாக ஒரு டெஸ்ட்: வேண்டுமென்றே ஒரு போர்ட்டை அணைத்துவிட்டு பிங் அனுப்புகிறது. அது தோற்றால்தான் மேலே போகிறது. ஜெயித்தால், 'இந்த மிஷினை நம்பாதே' என்று சொல்லி நின்றுவிடுகிறது. அருமை! எனக்குத் தோன்றாத யோசனை. அதையும் எழுதினேன், இந்தத் தடவை மூன்று வரி.

கீழே வந்தேன். சின்ன பாக்கெட் டெஸ்ட். ரிசல்ட்டை ஃபைலிலும் சேர்த்துவைக்க, பிங் சொல்வதையெல்லாம் 'டீ' என்கிற கட்டளைக்குத் திருப்பி விட்டிருக்கிறான். அடப்பாவி. அப்படித் திருப்பினால், கடைசியில் ஷெல் பார்ப்பது டீ ஜெயித்ததா என்றுதான், பிங்கை அல்ல. டீ ஃபைலில் எழுதிவிட்டு எப்போதும் ஜெயிக்கும். நாளைக்கே சின்ன பாக்கெட்டும் தொலைய ஆரம்பித்தால் இங்கே பாஸ்தான் வரும்.

கை நின்றுவிட்டது. இந்த வாரம் அவன் பட்டது போதாதா? இன்றைக்கு என் பெயரைப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை சத்தமில்லாமல் நானே ஒரு சின்ன பேட்ச் அனுப்பிச் சரிசெய்யலாம். யாருக்கும் தெரியாது. அவனுக்கும் இன்று ஒரு நாள் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

மாடிக்குப் போய்த் துணியைத் திருப்பிப் போட்டேன். திருப்பத் தேவையே இல்லை, எல்லாம் காய்ந்துவிட்டது. இறங்கி வந்து எழுதினேன்: "இங்கே டீ முடிவை விழுங்குகிறது. திருத்து." அனுப்பிவிட்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். 

உடனே அடித்தது. சபரி.

"டீயா?"

"டீதான்."

 சிரித்தான், இந்த வாரத்தில் முதல் தடவையாக.

"நல்லவேளை சொன்ன. எங்க, பாவம் பார்த்துப் பேரைப் போட்டுருவியோன்னு காலையிலேர்ந்து பயந்துக்கிட்டே இருந்தேன்."