அக்கா கட்டடத்துக்கு ஒரு நுழைவாயில்

மார்ச் 4, செவ்வாய்
நாள் முழுக்க யாரோ ஒருவர் வீட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியை வரைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அத்தான் போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கத் தலைவர் வேறு. நுழைவாயிலை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். வீட்டிலேயே கட்டட வடிவமைப்பாளர் இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும் என்றார். சொந்தக்காரர்களுக்கு வேலை செய்தால் நல்ல பேரும் கிடைக்காது, தூக்கமும் கிடைக்காது. ஆனாலும் சரி என்றேன்.

அக்காவுக்காக. போன மாதம் பொழுது சாய்ந்து வீடு திரும்பியவள் வாசல் கதவைத் திறந்தபோது, செடி மறைவில் நின்ற ஒருவன் பின்னாலேயே நுழைந்து கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அடி எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இருட்டினால் அவள் தனியாக இறங்குவதில்லை. பூப்பந்து விளையாடப் போவதும் நின்றுவிட்டது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் யாருக்கும் அடங்காதவள். அவள் இப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்
இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதுகாப்புக்கென்று வளர்த்த செடிவேலி ஆள் உயரம். திருடன் அதற்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்த கதை. சாவித் துவாரத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு இருட்டு.

மார்ச் 9, ஞாயிறு
சங்கக் கூட்டம். அத்தானுக்கு இரும்புக் கதவு, உயர்ந்த மதில், மேலே முள்கம்பி, கேமராக்கள் எல்லாம் வேண்டும். அகழி வெட்டி முதலை விடுவதுதான் பாக்கி. மதில் எழுப்பினால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது, அது திருடனுக்குத்தான் வசதி என்றேன். கண்ணாடிக் கதவு, வெளிச்சம், உள்ளே உட்கார ஒரு பெஞ்சு — இதுதான் என் யோசனை. பெஞ்சு போட்டால் கண்டவனும் வந்து உட்காருவானே என்றார் மூன்றாம் மாடி வாத்தியார். முதலில் நீங்கள் உட்காருங்கள் சார், அப்புறம் எவன் வருகிறான் பார்க்கலாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்
அத்தான் முள்கம்பியை விட்டுக்கொடுத்துவிட்டார். கேமராவை விடவில்லை. போகட்டும்.

ஏப்ரல் 12, சனி
திறப்பு! செடிவேலி போய்விட்டது. கண்ணாடிக்குள் பளபளவென்று விளக்குகள். நகைக்கடை மாதிரி இருக்கிறது என்றார் வாத்தியார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். தலை கால் புரியவில்லை எனக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்
அக்கா இன்னும் வெளியே போகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு செஞ்சும் இன்னும் என்னக்கா பயம்னு கேட்டே விட்டேன். அவள் என்னைக் கீழே கூட்டிப்போனாள். நன்றாக இருட்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என்னை நிறுத்தி, "வெளிய யாரு நிக்கறா, சொல்லு" என்றாள்.

பார்த்தேன். கண்ணாடியில் நான்தான் தெரிந்தேன் — கலைந்த தலையும் பின்னால் என் பெஞ்சும். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. கதவைத் திறந்தால், கை எட்டும் தூரத்தில், அக்கா சொல்லி நிறுத்தியிருந்த அத்தான்!

"வெளிய நிக்கறவனுக்கு நான் தெரியறேன், எனக்கு அவன் தெரியல" என்றாள் அக்கா. "முன்னாடியாவது ரெண்டு பேரும் இருட்டுல இருந்தோம்."

உள்ளே வெளிச்சம் கூடி வெளியே குறைந்தால் கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிடும். முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். இருட்டில் நான் வந்து பார்க்கவில்லையா? பார்த்தேனே. வெளியே நின்று. போட்டோ எடுக்க! சே.

ஏப்ரல் 16, புதன்
ஆபீஸில் முதலாளியிடம் சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "நீ யானைன்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தினார். உள் விளக்குகளைப் பாதியாகக் குறைத்து, வெளியே நடைபாதை ஓரமும் எதிர்ச் சுவரிலும் விளக்கு போட வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்
இன்று ஒத்திகை. எலக்ட்ரீஷியன் ஏணியில், அத்தான் வெளியே திருடன் வேஷத்தில், அக்கா உள்ளே. எந்த விளக்கு எங்கே என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இதை இறக்கு, அதைத் திருப்பு என்று ஏணியை ஓர் இடத்தில் நிற்க விடவில்லை. அத்தான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார், சைக்கிள்களுக்கு நடுவே குந்தினார். ஒவ்வொரு முறையும் அக்கா கண்ணாடி வழியே விரலை நீட்டினாள். கடைசியில் இந்தப் பிழைப்பு நமக்கு ஒத்துவராது என்று முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார் அத்தான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஏப்ரல் 27, ஞாயிறு
அக்கா இன்னும் வெளியே போகவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம்!

மே 2, வெள்ளி
வேலை முடிந்து அக்காவைப் பார்க்கப் போனேன். போகும்போதே இருட்டிவிட்டது. அத்தான்தான் கதவைத் திறந்தார். அவள் இல்லை. எங்கே என்றேன்.

"தெரியலம்மா. கேட்டதுக்கு, வந்து சொல்றேன்னுட்டு, இருட்டினப்புறம் தனியாவே இறங்கிட்டா."

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரமாகிக்கொண்டே போனது. அவள் வருகிற வழியைக் காணோம். பார்க்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.