கோல் போஸ்ட் ஓரத்து நாற்காலி

ஞாயிறு, இரவு

ஆனைமலையிலிருந்து திரும்பிக் குளித்தும் ஆயிற்று. தூக்கம் வரவில்லை.

செல்வம் நினைவுக் கோப்பைக்கு வருடம் தவறாமல் பஸ் ஏறிப் போகிறவன் நான். செல்வம் அந்த ஊர் அணியின் கோல்கீப்பர். ஆடும்போதே விழுந்து இறந்துபோனவன். அவன் நின்ற கோல் போஸ்ட் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவனுடைய கையுறைகளை அதில் வைப்பார்கள். யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

இந்த வருடம் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்பான்சர். புது வலை, எல்லாருக்கும் பூட்ஸ். கோப்பைக்கும் கம்பெனி பெயர்தான். ஆட்டம் தொடங்கிய பிறகு வந்த மேனேஜர் நல்ல மனிதர். கையுறைகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மைதானமே பார்த்தது. வந்த விருந்தாளியை எழுந்திருக்கச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? நானும் பந்தைப் பார்ப்பதுபோலத்தான் நின்றேன். செல்வத்தின் மனைவி ராசாத்தி அவரிடம் போனாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க சார், வெயில் அடிக்குதுங்களா? நெழலுக்குத் தள்ளிப் போடட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா, இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க. அடுத்த வருசம் இந்த எடத்துல சோபாவே போட்டுருவோமுங்க."

"செரிங்க" என்றாள்.

கையுறைகளை எடுத்து முந்தானையில் மண்ணைத் துடைத்தாள். பிறகு தன் கைகளை அவற்றுக்குள் நுழைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அவர் பின்னாலேயே நின்றாள்.

என் அறையில் இருப்பது ஒரே நாற்காலி; அது காலியாகத்தான் கிடக்கிறது. நோட்டை ஜன்னல் திண்டில் வைத்து, நின்றபடியேதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.