துபாய்ப் பையில் கத்திரிக்காய்

திருத்துறைப்பூண்டி
20.8.2007

அன்பு மகன் தௌபீக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம், உன் அத்தாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே வானிலை சொல்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

இனி நீ அனுப்பிய தங்க எழுத்துத் துணிப்பைகளின் கதை. உங்கள் கம்பெனி எல்லாக் கடைகளிலும் பிளாஸ்டிக் பையை நிறுத்தப் போகிறது, அங்கே வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள், அதனால் முதலில் நம் மளிகைக்கடையில் கொடுத்துப் பாருங்கள், மக்கள் அதையே மறுபடி கொண்டுவந்து சாமான் வாங்கினால் திட்டமும் ஜெயிக்கும் பெருநாளுக்கு லீவும் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். அத்தாவும் சந்தோஷமாகக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் மறுநாளும் வெறுங்கையோடு வந்து கேரி பேக்தான் கேட்கிறார்கள். நேரிலேயே போய் விசாரித்தேன். எதிர்வீட்டு ஜூலியட் டீச்சர் பீரோவைத் திறந்து காட்டினார், கல்யாணப் பட்டுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறார். "துபாய்ப் பை அக்கா, இதுல போயி கத்திரிக்காயப் போடச் சொல்றீங்களே" என்று என்னையே கோபித்துக்கொண்டார். மேலத்தெரு நாகநாதன் நிலப் பத்திரத்தையும் பட்டாவையும் அதில் போட்டுப் பூட்டிவிட்டாராம்.

எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றே எழுதிவிடு, பிள்ளை வரட்டும் என்கிறார் அத்தா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா, உன் முகத்தைப் பார்த்து இரண்டு பெருநாள் ஆகிறது. ஆனால் அதை நம்பி நீ அத்தனை கடைக்கும் பை தைத்து, எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டால் உன் தலைதானே உருளும். ஒரே ஒருவர்தான் தினமும் பையோடு வருகிறார், டீக்கடை ஐயாவு. அவருக்குக் கிடைத்தது எழுத்து கோணலாக விழுந்த பை. "டேமேஜ் பைதானேம்மா, அதான் தைரியமா தூக்கிட்டு வர்றேன்" என்றார். ஆகையால் அந்தத் தங்க எழுத்தும் மினுமினுப்பும் வேண்டாம், அரிசிச் சாக்கு மாதிரி சாதாரணமாகத் தைக்கச் சொல். நம் ஆட்கள் பையைத் தூக்கி எறியவில்லை, அளவுக்கு மீறிப் பத்திரப்படுத்துகிறார்கள் என்று உன் மேலதிகாரியிடம் அப்படியே சொல்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடலாமா. என் பையும் பீரோவில்தான் இருந்தது, நீ அனுப்பியது என்று எடுக்க மனசு வரவில்லை. இன்று காலையில் வெளியே எடுத்து, ஒரு கரண்டி மீன் குழம்பை நானே அதன்மேல் ஊற்றிவிட்டேன். இனி அது கடைத்தெருவுக்குப் போகும்.

தொழுகையை விடாதே, வெயிலில் அலையாதே. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பெயரும் தந்து வீடு சேர்க்கட்டும். வரும்போது புதுப் பை எதுவும் கொண்டுவராதே. தேதியை மட்டும் சொல், குழம்புக் கறைப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஹமீதா பானு