ஒதுங்க முடியாதவர்களிடம் கேட்பது

பிப்ரவரி 9
அதிர்ச்சியால் வரும் மனநோயைக் கண்டறியும் கேள்வித்தாளில், ஒதுங்குதல் பற்றிய கேள்வியை மொழிபெயர்த்து முடித்தேன். "நடந்ததை நினைவூட்டும் இடங்களுக்குப் போகாமல் இருக்கிறீர்களா?" குவாத்தமாலா மலைகளில் பேசும் எங்கள் மாம் மொழியில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. சரிபார்ப்பதற்காக, மூலத்தைப் பார்க்காமலே சக மொழிபெயர்ப்பாளர் மக்காரியோ அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதினார். அச்சு அசல் அதே கேள்வி. ஆய்வை நடத்தும் டாக்டர் ஹால்வர்சன் கேக் வாங்கி வந்தார்.

பிப்ரவரி 16
சோதனைப் பேட்டி, ரொமுவால்தா அக்காவுடன். குவாத்தமாலாவில் புருஷனைக் கண்ணெதிரே வெட்டினார்கள். இங்கே நெப்ராஸ்காவில் அவளுக்கு மாட்டிறைச்சி ஆலையில் வேலை. நாள் முழுக்கக் கையில் கத்தி, காலடியில் ரத்தம். தூக்கமில்லை, கெட்ட கனவு, சத்தம் கேட்டால் உதறல் – எல்லாம் உண்டு. இந்தக் கேள்விக்கு மட்டும் சிரித்தாள்.
"போகாம இருக்கிறதா? வாடகைய உங்க டாக்டரம்மா கட்டுமா?"
பூஜ்யம் போட்டேன். ஒதுங்குதல் இல்லையென்றால் நோய் இல்லை. நோய் இல்லையென்றால் சிகிச்சை இல்லை. விதி.

பிப்ரவரி 17
அப்போ வீட்ல உக்காந்திருக்க வசதி இருக்கிறவனுக்குத்தான் இந்த நோயே வருமா?

பிப்ரவரி 20
டாக்டரிடம் சொன்னேன். "கேள்விய மாத்தினா மத்த மொழிகளோட ஒப்பிட முடியாது, டெல்ஃபினா" என்றார். கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் கத்திவிட்டு வந்திருப்பேன்.
மக்காரியோ கண்ணடித்தார்: "இனிமே உனக்குக் கேக் கெடையாது."
பேட்டியாளர் கையேட்டை முதலிலிருந்து படிக்கிறேன். ஒதுங்க எடுக்கும் முயற்சியும் கணக்குதான் என்று போட்டிருக்கிறது. அந்த முயற்சி எப்படியிருக்கும்? உதாரணமெல்லாம் சினிமாவுக்குப் போகாதவர், வேறு சாலையில் கார் ஓட்டுபவர். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

பிப்ரவரி 27
கேள்வியைத் தொடவில்லை. கீழே ஒரு துணைக்கேள்வி சேர்த்தேன்: "போகாமல் இருக்க முடியாதென்றால், அங்கே நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்?"
ரொமுவால்தா அக்கா விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாடை ஏறாமலிருக்க மூக்கடியில் தைலம். கத்தியைப் பார்க்காமல் எதிரே நிற்பவளின் தொப்பியைப் பார்ப்பது. அட்டைப்பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் திரும்பத் திரும்பக் கெஞ்சியது.
"இதக் கேப்பீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனே, புள்ள."

மார்ச் 3
துணைக்கேள்வி இல்லையென்றால் மொழிபெயர்ப்பில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேட்டியை இரண்டு முறை படித்தார். "இன்னும் பத்துப் பேர்கிட்ட கேட்டுக் காட்டு."

மார்ச் 24
பத்துப் பேர். ஆலையில் வேலை செய்யும் அத்தனை பேரிடமும் தைலம். டாக்டர் துணைக்கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்; ரொமுவால்தா அக்காவுக்குப் போட்ட பூஜ்யம் மாறியது.

ஏப்ரல் 14
ரொமுவால்தா அக்காவுக்கு இன்று முதல் சிகிச்சை. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். மூக்கடியில் தைலம் மினுங்கியது. சிகிச்சை அறையின் கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் அதைத் துடைத்துக்கொண்டாள்.