உன் ஜன்னல் கைப்பிடி

அக்கா,

இன்று காலை வில்லியனூரிலிருந்து ஜன்னல் வேலை செய்கிறவர் வந்திருந்தார். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, புதுக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெள்ளைப் பூச்சும் ஸ்குரூவில் தடவிய எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது புதுச் சாமான் வாசனை. எனக்கு மட்டும் அந்தக் கைப்பிடிகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் படிக்கக் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் ஜன்னல், துருவும் பிடிக்காது, கரையானும் அரிக்காது, ஆயுசுக்கும் கவலை இல்லை என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஊர் பூராவும் பீற்றிக்கொண்டேனே, அந்த லட்சணத்தைக் கேள். சமையலறைக் கைப்பிடி கழுத்தோடு முறிந்துவிட்டது. மாடியில் ஒன்று சும்மா சுற்றுகிறது, பூட்டு அசைய மாட்டேன் என்கிறது. கூடத்தில் இருப்பதை உன் தம்பி பெண்டாட்டி மேரி துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி வைத்திருந்தாள். "வூட்டுக்கு வர்றவங்க இன்னா நினைப்பாங்க?" என்று அவள் ஆறு மாதமாகக் கேட்டு, கடைசியில் அவளே போன் செய்து ஆளை வரவழைத்தாள். நம் பெண் ஸ்டெல்லாவும் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அவர் ஒவ்வொரு ஜன்னலாக முடித்துக்கொண்டு உன் அறைக்கு வந்தார். ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டுத் தடவினார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரத் துளை மட்டும்தான் இருந்தது.

"இது இன்னா சார் ஆச்சி?"

"உடைஞ்சி போச்சி" என்றேன். என்னைக் கேட்காமலே அந்த வார்த்தை வந்துவிட்டது.

"ஒடைஞ்சிருந்தா உள்ள துண்டு மாட்டிக்கினு இருக்குமே சார். மத்த ஜன்னல்ல எல்லாம் குறடு போட்டுப் புடுங்குனேன், பாத்தீங்க இல்ல? இதுல ஒண்ணுமே இல்ல. ஸ்குரூ ஓட்டை கூட புதுசாட்டம் இருக்குது. யாரோ பொறுமையா கழட்டி எடுத்திருக்காங்க."

அவர் தொழிலை அவர் பேசினார், அவ்வளவுதான். ஆனால் வாசற்படியில் மேரியும் ஸ்டெல்லாவும் நின்றிருந்தார்கள்.

அந்த அறையைக் கேட்டு வாங்கியது நீ. அத்தான் விட்டுவிட்டுப் போய், முழங்காலும் போய், ஒரு டிரங்குப் பெட்டியோடு நீ வந்தபோது பின்கட்டு அறையை ஒழித்து வைத்திருந்தேன். "அது வாணாண்டா. ரோட்டுப் பக்கம் குடு. வர்றவங்க போறவங்களயாவது பாத்துக்கினு கெடக்கறேன்" என்றாய். எதிரே பஸ் நிறுத்தம். ஒரு வாரத்தில் பஸ் நிறுத்தமே உன்னுடையதாகிவிட்டது. காலேஜ் பெண்களின் பரீட்சைத் தேதி உனக்குத் தெரியும். எந்த கண்டக்டர் யாரோடு பேசவில்லை என்று தெரியும். பூரணாங்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு இறங்கும் அஞ்சலை, ஊருக்குள் போவதற்கு முன் உன் ஜன்னலுக்குக் கீழே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் உன்னோடு சண்டை போடுவாள். "இன்னாடி மீனு இது, நேத்து செத்ததா, முந்தாநேத்து செத்ததா?" என்று நீ கேட்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். உன் குரலுக்குச் சுவர் கிடையாது.

எனக்கு அது பிடிக்கவில்லை. மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன் நான். ஒவ்வொரு சாமானும் அதனதன் இடத்தில், சத்தமில்லாமல் இருக்க வேண்டும். டீக்கடையில் யாரோ "ரேடியோக்காரம்மா தம்பி" என்று என்னைச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அப்போதுதான் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கார் வந்து நின்றது. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் நீ ஜன்னலிலிருந்து ஆரம்பித்துவிட்டாய். "வாங்க வாங்க! மாப்ள யாரு, வெள்ளச் சட்டையா? இன்னாப்பா இப்படி வேர்க்குது உனுக்கு? பயப்படாத, எங்க பொண்ணு கடிக்க மாட்டா!" பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரம், வேறு இடம் பார்ப்பதாகக் கோயில் உபதேசியார் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பையன் மனதில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள் என்பது வெகு நாள் கழித்துத் தெரிந்தது. அது தெரிவதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேரி உன்னை ஆட்டோவில் ஏற்றிப் பூசைக்குக் கூட்டிப் போனாள். தலைவலி என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஜன்னலைச் சாத்திப் பூட்டி, கைப்பிடியின் மூடியைத் திருப்பி, இரண்டு ஸ்குரூவைக் கழற்றினேன். கைப்பிடி இல்லாமல் அந்த ஜன்னல் திறக்காது. நான்தான் பார்த்துப் பார்த்து மங்கல் கண்ணாடி போட்டிருந்தேனே, சாத்தினால் வெளியே நிழல் கூடத் தெரியாது. தூக்கி எறிந்திருக்கலாம். ஸ்டோர்க்காரன் புத்தி, எறிய மனசு வரவில்லை. ஸ்குரூவோடு சேர்த்துப் பேப்பரில் சுற்றி என் பீரோவில், சான்றிதழ்களுக்கு அடியில் வைத்தேன். நீ பூசையிலிருந்து வந்ததும், "காத்துக்கு அடிச்சிக்கினு உடைஞ்சி போச்சிக்கா, புதுசு வாங்கியாறேன்" என்றேன். அன்று காற்றே இல்லை.

"கெடைச்சுதாடா?" என்று மூன்று நாலு முறை கேட்டாய். கடை பூட்டி இருந்தது என்றேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றேன். ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்று கூடச் சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு நல்ல இடம் அமைந்து, கோயிலில் கல்யாண ஓலை எழுதும் சமயத்தில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, அன்றைக்கே மாட்டியிருக்கலாம். மாட்டினால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதுமட்டும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன், வீடு அமைதியாக இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது.

அஞ்சலை சில நாள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். நீ உள்ளேயிருந்து கத்துவாய். அவளுக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காது. வாசல் வழியாக வர அவளுக்குக் கூச்சம், என் முகம் அப்படி. பிறகு தட்டுவதும் நின்றது. நீ சத்தத்தை வைத்தே "பாகூர் பஸ்ஸு இன்னிக்கு லேட்டுடா" என்பாய். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். மூன்று வருஷம், அக்கா. பாவசங்கீர்த்தனத்தில் கூட இதைச் சொன்னதில்லை. கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன செபத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நீ போன அன்றைக்கு அஞ்சலை வாசல் வழியாகத்தான் வந்தாள். என்னை ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறையில் புழுக்கம். "இன்னா இப்படி சாத்தி வச்சிருக்கீங்க? தெறங்கப்பா, இவங்களுக்கு ஜன்னலு தெறந்திருக்கணும்" என்று அவளே எழுந்து கம்பிக்குள் கையை விட்டாள். விரல் அந்தத் துளையைத் தடவியது. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "உடைஞ்சி போச்சி" என்றேன். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னேன்.

இன்று அந்தப் பொய்யைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. "நான்தான் கழட்டினேன்" என்றேன். வேலைக்காரர் ஒன்றும் புரியாமல் புதுக் கைப்பிடியின் உறையைக் கிழித்தார்.

"தெரியும்பா" என்றாள் ஸ்டெல்லா.

கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டபோது என் பீரோவைக் குடைந்திருக்கிறாள். பேப்பர் பொட்டலம் கையில் வந்திருக்கிறது. நேராக உன்னிடம்தான் கொண்டுவந்தாளாம். "அத்தை, இங்க பாரு, நான் மாட்டிடட்டுமா?" என்று கேட்டாளாம். நீ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாயாம்.

"எடுத்த எடத்துலயே வச்சிடுடி. நாம மாட்டுனா உங்கப்பனுக்கு அசிங்கமாப் பூடும். அவனே ஒரு நாள் எடுத்தாந்து மாட்டுவான் பாரு. என் தம்பி எனுக்குத் தெரியாதா?" என்றாயாம். மேரியிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம்.

அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வேலைக்காரர் கைப்பிடியைத் திருப்பி ஜன்னலைத் தள்ளும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. ஸ்டெல்லா வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் இன்று வரைக்கும் விளங்காமலே இருந்தது, அக்கா. தினமும் வேலை விட்டு வந்து உன் அறையில் எட்டிப் பார்ப்பேன் அல்லவா, அப்போது நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய். உன் கண் முதலில் என் கைக்குத்தான் போகும். வயசானால் வாய்க்கு ருசியாகத் தேடும், பலகாரம் எதிர்பார்க்கிறாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக் கடையில் தினமும் இரண்டு மசால் வடை வாங்கி வர ஆரம்பித்தேன். நீயும் ஒரு நாள் கூட வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கித் தின்றாய்.