உங்கள் பங்கு மேப்பிள் பாணி

அன்புள்ள அம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

இங்கே வுச்சீரியாச் சந்தையில் இருக்கும் என் கடைக்கு, மேப்பிள் மரச்சாற்றில் காய்ச்சிய அசல் இனிப்புப் பாணி இறக்கியிருக்கிறேன். நேற்று ஒரு சிஞ்ஞோரா, இந்த ஊர் இத்தாலியப் பெண், ருசி பார்க்கக் கேட்டாள். திறந்து கொடுத்தேன், நானும் நாக்கில் வைத்தேன். அதற்குப் பிறகு வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. வழமையைவிட வேளைக்கே கடையைச் சாத்திவிட்டேன்.

சின்ன வயதில் கனடா மாமா கொண்டுவந்த போத்தல் நினைவிருக்கிறதா? என் ரொட்டியில் ஊற்றிவிட்டு, "எனக்கு இனிப்புச் சரிவராது, நீ தின் மோனை" என்றீர்கள். பொய்யென்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் உங்கள் பங்கைத் தின்றேன்.

இன்று என் தட்டு நிறையப் பாணி. உங்களுக்கோ டொக்டர் சீனியையே நிறுத்திவிட்டார்.

இங்கிருந்து ஊருக்கு வரும் குகனேஸ்வரியிடம் ஒரு போத்தல் கொடுத்துவிடுகிறேன். டொக்டரைக் கேட்டு ஒரு துளியாவது நாக்கில் வையுங்கள். சரிவராது என்று மட்டும் திரும்பவும் சொல்லிவிடாதீர்கள்.

கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
சிவபாலன்